டேம் லூப்: செங்குத்தை ஏறுறதா, இறங்குறதா?

கூட சைக்கிள் ஓட்டுற தம்பி ஒருத்தன் கொஞ்ச நாள் முன்னாடி கேட்டான், "அண்ணே, அந்த டேம் லூப்பை எந்தப் பக்கமா சுத்துறது நல்லது?"ன்னு. ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன், பேசப் பேச ஒரு மணி நேரம் ஓடிடுச்சு, ஏன்னா எந்தப் பக்கம்ங்கற ஒரு கேள்விக்குள்ள கியர், பிரேக், காத்து, எத்தனை மணிக்குக் கெளம்பறதுங்கறது எல்லாமே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. நான் ரெண்டு பக்கமும் ஓட்டியாச்சு. ரெண்டுலயும் அடி வாங்கியாச்சு. அதனால அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவா இங்க எழுதிடறேன்.

பேச வசதியா ஒரு லூப்பை மனசுல வச்சுக்குவோம், மலைக்கு நடுவுல இருக்குற நீர்த்தேக்கத்தைச் சுத்துற ரோடு நெறைய இந்த அச்சுலதான் இருக்கும். அணை மேலேர்ந்து ஸ்டார்ட், தண்ணிய ஒட்டியே ஒரு 30 கிமீ, அப்புறம் தண்ணிய விட்டுப் பிரிஞ்சு 6 கிமீ தூரத்துக்குள்ள 600 மீட்டர் ஏறுது, அதாவது சராசரி 10%. மேல மேட்டு நெலத்துல 25 கிமீ மேடும் பள்ளமுமா. அந்தப் பக்கம் அதே 600 மீட்டர் 12 கிமீ நீளத்துக்கு 5% சரிவுல நிதானமா எறங்குது. கடைசியா பள்ளத்தாக்கு ரோட்டுல 27 கிமீ ஓட்டினா திரும்ப அணை. மொத்தம் 100 கிமீ, ஏத்தம் கூட்டினா 1,500 மீட்டர் பக்கம் வரும். 100 கிமீக்கு 1,000 மீட்டர் தாண்டினாலே அது மலை ரூட்டுதான், 1,500ன்னா மறுநாள் படிக்கட்டு எறங்கும்போது தொடை பேசும்.

இந்த லூப்பை இப்ப சொன்ன வரிசையிலயே ஓட்டினா செங்குத்தை ஏறி, நீள இறக்கத்துல வருவீங்க. இத நேர்ப்பக்கம்னு வச்சுக்குவோம். திருப்பி ஓட்டினா நீள ஏத்தம், செங்குத்து இறக்கம், கடைசியில தண்ணியோர ரோடு. இது மறுபக்கம்.

முதல்ல ஒரு விஷயம், நெறைய பேரு "இந்தப் பக்கம் போனா ஏத்தம் கம்மி"ம்பாங்க. அது சும்மா. கெளம்பின எடத்துக்கே திரும்பி வர்ற ரூட்டுல ஏறினதும் எறங்கினதும் சமம், அதனால எந்தப் பக்கம் சுத்தினாலும் மொத்த ஏத்தம் அதே 1,500தான். மாறுறது அந்த ஏத்தம் எப்ப வருது, எந்தச் சரிவுல வருதுங்கறது மட்டும்தான். ஆனா அந்த "மட்டும்"லதான் எல்லாமே இருக்கு.

தண்ணியோர ரோட்டைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா புதுசா வர்றவங்க எல்லாரும் ஏமாறுறது இங்கதான். தண்ணி மட்டமா இருக்கு, அதனால ஓரத்துல போற ரோடும் மட்டமாத்தான் இருக்கும்னு நெனச்சுக்குவாங்க. இயற்கையான ஏரின்னா ஓரளவு சரி. நீர்த்தேக்கத்துல அந்தக் கணக்கு செல்லாது. அணை கட்டுறதுக்கு முன்னாடி ஆத்தோரமா ஒரு பழைய ரோடு இருந்திருக்கும், அதுதான் நெஜமாவே மட்டமான ரோடு, அது இப்ப தண்ணிக்கு அடியில கெடக்கு. இங்கிலாந்துல பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் லேடிபவர் நீர்த்தேக்கத்துக்காக 1940கள்ல அஷாப்டன், டெர்வென்ட்னு ரெண்டு கிராமமே முழுகிப்போச்சு, அந்த மாதிரி எடத்துலல்லாம் ரோடும் வீட்டோட சேந்துதான் போகும். பதிலுக்குப் போடுற புது ரோடு மலைச்சரிவை வெட்டிப் போட்டது. ஒவ்வொரு ஓடையும் தண்ணியில கலக்குற எடத்துல உள்ள வளைஞ்சு கீழ எறங்கும், அடுத்த மலை மூக்கைத் தாண்ட மேல ஏறும், திரும்ப அடுத்த ஓடைக்கு எறங்கும். ஒரு தடவ 30 மீட்டர்தான். ஆனா 30 கிமீல இப்படி 14 தடவ வந்தா 420 மீட்டர் ஆச்சு, பெரிய மலையில முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி, அதுவும் மேப்புல ஒரு மலைன்னு பேரே இல்லாம.

சரி, எறங்குற வேகத்துலயே அடுத்த மேட்டை ஏறிடலாமேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாத்தேன். 45 கிமீ வேகத்துல வந்தா அந்த வேகம் உங்களத் தூக்கிட்டுப் போற உயரம் 8 மீட்டர்தான், காத்து தடுக்கறத விட்டுட்டே. மிச்சம் 22 மீட்டர் கால்தான் ஏத்தணும். அதுலயும் இன்னொரு கொடுமை, பள்ளத்தோட அடியிலதான் அந்த ஓடைக்கு மேல சின்னப் பாலம் இருக்கும், பாலத்துக்கு முன்னாடி ஒரு கூர் வளைவு இருக்கும், மழைத்தண்ணி அடிச்சுட்டு வந்த பொடிக்கல்லு அந்த வளைவுலதான் சரியா வந்து தங்கியிருக்கும். அதனால 45ல வர்ற ஆளு பாலத்துக்கிட்ட 20க்கு பிரேக் பிடிச்சாகணும். 20ன்னா அந்த இலவச உயரம் ஒன்றரை மீட்டர்தான். வளைவு முடிஞ்சதும் பெரிய கியர்ல மாட்டிக்கிட்டு நிப்பீங்க, முன்னாடி செயின்ரிங்கை, அதாவது பெடலோட சேந்த பல் சக்கரத்தை மாத்தணும், மாத்துறப்போ செயின் கழண்டா அங்கயே ஒரு கறுப்புக் கை. பாலத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, பிரேக் பிடிக்கும்போதே, கியரை எறக்கிடுங்க, இத ஒண்ண மட்டும் பழகிட்டாலே பாதி வேல முடிஞ்சுது.

மேப்பைப் பத்தியும் சொல்லிடறேன். நான் மொதல்ல ரூட் போட்டப்போ அந்த மேப் ஆப் அணை மேல 18% ஏத்தம் காட்டுச்சு. ராத்திரி பூரா அதப் பத்தியே யோசன. நேர்ல போனா அணை மேசை மாதிரி தட்டையா கெடக்கு. என்னன்னா அந்த ஆப் உயரத்தை நெலப்பரப்போட டேட்டாவுலேர்ந்து எடுக்குது, ரோட்டுலேர்ந்து இல்ல. அணைச்சுவரோட ஒரு பக்கம் கீழ நூறு மீட்டர் பள்ளம், கோடு ஒரு அடி தள்ளி விழுந்தா நம்ம ரோடு பள்ளத்துக்குள்ள குதிச்சு ஏறுற மாதிரி வரும். பாலம், சுரங்கம் எல்லாத்துலயும் இதே கூத்துதான். காத்தழுத்தத்தை வச்சு உயரம் பாக்குற ஜிபிஎஸ் கம்ப்யூட்டர்ல யாராவது ஓட்டிப் பதிவு பண்ண ஃபைல் கெடச்சா அத நம்புங்க.

இப்ப நேர்ப்பக்கமா மறுபக்கமான்னு வருவோம். ஆளும் வண்டியும் சேந்து 85 கிலோன்னு வச்சு, 200 வாட் நிதானமா மிதிக்கிறவர்னு எடுத்துக்கிட்டு போட்ட கணக்கு இது. 10% சரிவுல அவரோட வேகம் மணிக்கு 8 கிமீ, 6 கிமீ ஏற 44 நிமிஷம். 5% சரிவுல மணிக்கு 14.5 கிமீ, 12 கிமீ ஏற 49 நிமிஷம். பாத்தீங்களா, செங்குத்துதான் சீக்கிரம் முடியுது, ஏன்னா தூரம் பாதி, டயர் உருளுறதுக்கும் காத்துக்கும் போற சக்தி கம்மி. இறக்கத்துல செங்குத்து கொண்டை ஊசி வளைவுகளோட சராசரி 25ல வந்தா 14 நிமிஷம் சொச்சம், நீள இறக்கம் 40ல வந்தா 18 நிமிஷம். ரெண்டு பக்கத்தையும் கூட்டினா ஒண்ணு 62 நிமிஷம், இன்னொண்ணு 63. ஒரே ஒரு நிமிஷம்தான் வித்தியாசம்! இதுக்காகவா இத்தனை வாக்குவாதம்னு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதனால நேரத்தை வச்சு முடிவு பண்ணவே பண்ணாதீங்க.

வித்தியாசம் எங்க இருக்குன்னா பிரேக்குல இருக்கு. 600 மீட்டர் மேல ஏத்தி வச்ச 85 கிலோ கீழ வரும்போது 500 கிலோஜூல் சக்தி எங்கயாவது போயாகணும். நீள இறக்கத்துல அதுல பெரும்பகுதிய காத்தே வாங்கிக்குது, 5% சரிவுல பிரேக்கே பிடிக்காம விட்டாலும் நிமிந்து உக்காந்திருந்தா 48 கிமீ பக்கம் வேகம் தானா நின்னுடும். அங்க பிரேக்குக்குப் போறது சராசரி 130 வாட் அளவுதான். செங்குத்துல விட்டா 70 தொடும், ஆனா வளைவுக்கு வளைவு நீங்க 25க்கு வந்தாகணும், மெதுவா போறப்போ காத்து வாங்கிக்குறதும் கம்மி, அதனால 400 கிலோஜூலுக்கு மேல பிரேக்குக்குள்ள போகுது, 14 நிமிஷத்துக்கு சராசரி 480 வாட். பாதி இஸ்திரிப் பெட்டிய ஆன் பண்ணி ரெண்டு வீல்லயும் மாட்டிவிட்ட மாதிரி. சக்கர வளையத்தையே கடிக்கிற ரிம் பிரேக்குன்னா அந்தச் சூடு ரிம்முக்குப் போகுது, ரிம்முக்குள்ளதான் டியூப் இருக்கு. டிஸ்க் பிரேக்குன்னா சக்கரத்து நடுவுல இருக்குற தட்டுக்கும் (ரோட்டர்) அதக் கடிக்கிற பேடுக்கும் போகுது, ரொம்ப நேரம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வந்தா பேட் பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆகி கத்த ஆரம்பிக்கும், லீவர் கடிக்கிறது கொறையும்.

நான் மறுபக்கமா ஓட்டினன்னிக்கு ரிம் பிரேக்கு, லேசா தூறல் வேற. ஈர ரிம்முல பிரேக் பிடிச்சா மொதோ ரெண்டு மூணு சுத்துக்கு ஒண்ணுமே நடக்காது, தண்ணிய வழிச்சுத் தள்ளினதுக்கப்புறம்தான் கடிக்கும், அந்த ரெண்டு சுத்துக்குள்ள வளைவு பக்கத்துல வந்துடும். நாலாவது வளைவுலயே விரல் மரத்துப்போச்சு, ஏழாவதுல எறங்கி நின்னு ரிம்மைத் தொட்டுப் பாத்தேன், ஈரத்துலயும் சுடுது. கீழ வந்து சேந்தப்போ தோள்பட்டை ரெண்டும் காதுக்கிட்ட இருந்துச்சு. அவ்ளோ பயத்துல வந்ததால, அங்கேர்ந்து ஆரம்பிக்குற தண்ணியோர 14 மேடும் அன்னிக்கு எனக்கு 40 மேடு மாதிரி இருந்துச்சு.

இதுல பழகிக்க வேண்டியது, செங்குத்து இறக்கத்துல பிரேக்கை லேசா பிடிச்சுக்கிட்டே வராதீங்க. நேர் ரோட்டுல விடுங்க, காத்து தன் பங்கை எடுத்துக்கட்டும், வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் நல்லா அழுத்தி வேகத்தைக் கொறச்சுட்டு விட்டுடுங்க. அப்ப பேடு ஆற நேரம் கெடைக்கும். சொல்றது ஈசி. பயந்த கை விடாது, அதுவும் எனக்குத் தெரியும்.

அப்ப நேர்ப்பக்கம்தானே சரின்னு முடிச்சுடலாமா? கியரைப் பாக்காம முடிவு பண்ண முடியாது. அதே 200 வாட், அதே 10% சரிவு. முன்னாடி சக்கரத்துல 34 பல்லு, பின்னாடி பெரிய சக்கரத்துல 28 பல்லு போட்டிருந்தா நிமிஷத்துக்கு 52 சுத்து மிதிப்பீங்க, முட்டி முனகும். 34க்கு 34 போட்டா 63 சுத்து, பரவால்ல. முன்னாடி 46/30 செயின்ரிங் வச்சு 30க்கு 34ன்னா 72 சுத்து, இது கிட்டத்தட்ட மனுஷன் மிதிக்கிற வேகம். நான் மொதோ தடவ போனது பழைய ரேஸ் வண்டியில, முன்னாடி 39 பின்னாடி 25, கணக்குப்படி 41 சுத்து, அதாவது சைக்கிள் ஓட்டுறது இல்ல, ஒத்தக்கால்ல படிக்கட்டு ஏறுறது. மூணாவது கிலோமீட்டர்ல எறங்கித் தள்ளினேன், பெடல்ல மாட்டுற கிளீட் ஷூ தார் ரோட்டுல டக்கு டக்குன்னு சத்தம் போட்டுக்கிட்டே. எதிர்ல ஒரு லாரி டிரைவர் வேகத்தைக் கொறச்சு என்னைப் பாத்து தலையாட்டிட்டுப் போனார், பரிதாபமா கிண்டலான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

நீள ஏத்தத்துல இந்தப் பிரச்சனையே கெடையாது, அதே 34க்கு 28ல 94 சுத்து வரும், ஜாலியா ஏறலாம். அதனாலதான் கியர் கம்மியா இருக்குறவங்க எல்லாம் மறுபக்கமா போறாங்க, எல்லாரும் அதுதான் சொல்லிக் குடுப்பாங்க, "மெதுவா ஏறு, சட்டுன்னு எறங்கிடலாம்"னு. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. கியர் பத்தலன்னா கஷ்டம் உங்க முட்டிக்கு, எறங்கித் தள்ளலாம், நிக்கலாம், தண்ணி குடிக்கலாம். பிரேக் பத்தலன்னா வளைவுக்கு அந்தப் பக்கம் வெறும் காத்துதான் இருக்கு. பழைய வண்டியில கியரும் கம்மி, பிரேக்கும் ரிம்முதான், ரெண்டு கொறையும் ஒண்ணாத்தான் வரும், அதனால கியர் கொறைய மறைக்கப் போயி பிரேக் கொறையில மாட்டாதீங்க. காசெட், அதாவது பின்னாடி இருக்குற பல் சக்கரக் கொத்தை மாத்துறது அப்படி ஒண்ணும் பெரிய வேல இல்ல, ஆனா மாத்துறதுக்கு முன்னாடி பின்னாடி செயினை நகர்த்துற டிரெய்லியர் எத்தனை பல்லு வரைக்கும் தாங்கும்னு மேனுவல்ல பாத்துடுங்க, அதுல தொங்குற கை குட்டையா இருக்குற குட்டைக் கேஜ் வகை 34 பல்லை ஏத்துக்காது, செயின் நீளமும் மாறும்.

செங்குத்து ஏறும்போது இன்னொண்ணு. சராசரி 10%ன்னா அது சராசரிதான், கொண்டை ஊசி வளைவோட உள்பக்க ஓரத்துல 15, 16 கூட இருக்கும். எதிர்ல வண்டி வரலன்னு நல்லாத் தெரிஞ்சா உங்க லேன்லயே முடிஞ்ச வரைக்கும் வெளிப்பக்கமா எடுத்துச் சுத்துங்க, தூரம் கொஞ்சம் கூடும், சரிவு பாதியா கொறையுற மாதிரி இருக்கும். வளைவு கண்ணுக்கு மறைஞ்சிருந்தா இந்த வேலையே வேணாம், உள்ளயே மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஏறிடுங்க.

அடுத்தது காத்து. தண்ணிக்கு மேல மரமும் கெடையாது, கட்டடமும் கெடையாது, கிமீ கணக்குல ஓடி வர்ற காத்து நேரா ரோட்டு மேல ஏறும், அணை மேல போறப்போ அது இன்னும் மோசம், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல நீங்க மட்டும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி காத்து பள்ளத்தாக்குலேர்ந்து மேல் நோக்கி வீச ஆரம்பிக்கும், சாயங்காலம் திரும்பும். காலையில ஆறு, ஏழு மணிக்கு தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், மதியம் அதே எடத்துல அலை அடிக்கும். நேர்ப்பக்கமா போனா தண்ணியோர 30 கிமீய அந்தக் கண்ணாடி நேரத்துல முடிச்சுடறோம். மறுபக்கமா போனா அதே 30 கிமீ கடைசியில, செத்துப்போன கால்ல, மதியக் காத்துல. நான் நேர்ப்பக்கத்துக்கு ஓட்டுப் போடுறதுல பாதி காரணம் இதுதான்.

ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்கு. ராத்திரி வானம் தெளிவா இருந்து குளுந்துச்சுன்னா விடியக்காலம் தண்ணி மேல பனிமூட்டம் எழும்பும், ஓடை வளைவுலல்லாம் அது தேங்கி நிக்கும், அந்தப் பொடிக்கல்லு, அந்தச் சின்னப் பாலம், எல்லாமே ஈரமா, மங்கலா. முன்னாடி பின்னாடி லைட் இல்லாம போகாதீங்க. இன்னொரு ஆபத்து வெளியில இல்ல, உள்ளுக்குள்ள இருக்கு: காலையில கால் புதுசா இருக்கும், ஒவ்வொரு மேட்டையும் எழுந்து நின்னு அடிச்சு ஏறிடுவீங்க, பதினாலு தடவ. மொத்தமா பாத்தா பதினாலு சின்ன ஸ்பிரிண்ட். அப்புறம் செங்குத்தோட அடியில போயி நின்னு மேல பாக்கும்போதுதான் பில்லு வரும். உக்காந்தே ஏறுங்க, பக்கத்துல இருக்குறவன்கிட்ட முழு வாக்கியம் பேச முடியுற வேகத்துல.

காட்சின்னு பாத்தா நேர்மையா சொல்லணும், மறுபக்கம்தான் ஜெயிக்குது. மேட்டு நெலம் முடிஞ்சு செங்குத்து இறங்க ஆரம்பிக்குற எடத்துல நீர்த்தேக்கம் முழுசா கண்ணு முன்னாடி விரியும், கை விரல் மாதிரி ஒவ்வொரு ஓடைக்குள்ளயும் தண்ணி நீட்டிக்கிட்டு இருக்குறது, தண்ணி மட்டம் எறங்கின காலத்துல கரையைச் சுத்தி வெளுத்த மண் பட்டை ஒண்ணு, எல்லாம் தெரியும். நேர்ப்பக்கமா போனா இது அத்தனையும் முதுகுக்குப் பின்னாடி, முன்னாடி தெரியறது முன் டயரும் அதுக்குக் கீழ மெதுவா நகர்ற தாரும் மட்டும்தான். மறுபக்கத்துலயும் எறங்க ஆரம்பிச்சுட்டா பாக்க முடியாது, கண்ணு வளைவுலதான் இருக்கணும். எப்படியும் மேல நின்னுதான் பாக்கணும், அப்ப நேர்ப்பக்கமா ஏறிட்டு அதே எடத்துல நின்னு திரும்பிப் பாருங்க, மூச்சு வாங்கறதுக்கும் ஒரு சாக்கு.

ரோட்டுல எந்த ஓரம்ங்கறதும் ஒரு விஷயம். இடப்பக்கம் ஓட்டுற நாட்டுல தண்ணிய இடஞ்சுழியா, அதாவது கடிகாரத்துக்கு எதிரா சுத்தினா தண்ணி உங்க இடது கைப்பக்கமே வரும், குறுக்க ரோட்டைக் கடந்து திரும்புறதும் கம்மி. ஜப்பான்ல பிவா ஏரிய முழுசா சுத்துற ஏறக்குறைய 200 கிமீ ரூட்டை பிவாஇச்சின்னு சொல்வாங்க, அங்க இடஞ்சுழியா சுத்தத்தான் சொல்றாங்க, காரணம் இதேதான். வலஞ்சுழியா போனா மலைப்பக்க ஓரம் உங்களுக்கு, சரிஞ்சு விழுந்த கல்லும் சாக்கடையும் அங்கதான் இருக்கும், ஆனா கீழ விழுற பயம் இல்ல. வலப்பக்கம் ஓட்டுற நாட்டுல அப்படியே தலைகீழ். செங்குத்து எந்தப் பக்கம் இருக்குங்கறது உங்க லூப்பைப் பொறுத்தது, இதும் அதும் ஒத்துப்போனா அதிர்ஷ்டம், ஒத்துப்போகலன்னா இறக்கத்துக்குத்தான் முன்னுரிமை குடுப்பேன், காட்சிக்கு இல்ல.

டயரு அகலம் 25 மில்லிமீட்டரா 28ஆ 32ஆன்னு கேட்டா 28க்குக் கீழ போகாதீங்க, வண்டியில எடம் இருந்தா 32. காத்து கொஞ்சம் கம்மியா வச்சு ஓட்டலாம், அந்தப் பாலத்து வளைவுல பிடிமானம் நல்லா இருக்கும். அவ்ளோதான் டயரைப் பத்தி.

குளிரு பத்தி ஒரு வரி. 600 மீட்டர் ஏறினா சராசரியா 4 டிகிரி கொறையும், அது பெருசா தெரியாது, ஆனா ஏறி நனைஞ்ச ஜெர்சியோட 18 நிமிஷம் காத்துல எறங்கினா பல்லு கிட்டும். மடிச்சுப் பாக்கெட்டுல வைக்கிற மெல்லிசு விண்ட் ஜாக்கெட் ஒண்ணு போதும். தண்ணி ரெண்டு பாட்டில் வேணும், பாட்டிலுக்கு 750 மில்லி. நாள் பூரா இத்தனை கோடி லிட்டர் தண்ணியப் பாத்துக்கிட்டே போவோம், ஒரு வாய் குடிக்க முடியாது.

ரெண்டு நாளா பிரிச்சு ஓட்டலாமான்னும் கேக்குறாங்க. 100 கிமீக்கு வேணாம், பையைத் தூக்கிட்டுப் போற எடையே செங்குத்துல உங்களத் தின்னுடும். அதுக்குப் பதிலா பயமா இருந்தா பாதி ஓட்டுங்க: பள்ளத்தாக்கு வழியா போயி நீள ஏத்தம் ஏறி, மேல போயி பாத்துட்டு, வந்த வழியே எறங்கிடுங்க. 80 கிமீக்குள்ள முடியும், செங்குத்தும் இல்ல, 14 மேடும் இல்ல. ராத்திரி மழை பெஞ்சிருந்தா நானே இதத்தான் பண்ணுவேன்.

கடைசியா, இத்தனை கணக்கையும் ஒரு பூட்டு தூக்கிப் போட்டுடும். அணை மேல ரோடு இருக்குன்னு மேப்புல காட்டும், ஆனா நெறைய அணையில அது பொது ரோடு கெடையாது, கேட்டு இருக்கும், குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் தொறப்பாங்க, சில எடத்துல தொறக்கவே மாட்டாங்க. கேட்டு பூட்டியிருந்தா அது லூப்பே கெடையாது, பெரிய யூ மாதிரி ஒரு ரோடு. ஒரு தடவ நான் வேற எடத்துலேர்ந்து ஸ்டார்ட் பண்ணி 92வது கிலோமீட்டர்ல அணைக்கு வந்து நிக்கறேன், எதிர்க்கரையில என் வண்டி நிறுத்தின எடம் கண்ணுக்குத் தெரியுது, கைய ஆட்டினா யாராவது திருப்பி ஆட்டுவாங்க போல, அவ்ளோ கிட்ட. நடுவுல கேட்டு, கேட்டுல பூட்டு. காவலுக்கு இருந்தவர் நல்ல மனுஷன்தான், ஆனா சாவி அவர்கிட்ட இல்ல. அணைக்கு அடியில இருக்குற ஆத்துப் பாலம் வரைக்கும் எறங்கி, மறுபடி அந்தப் பக்கம் ஏறி, 100 மீட்டர் கூடுதல் ஏத்தம், அந்த நேரத்துல. அன்னிலேர்ந்து நான் அணையிலதான் ஸ்டார்ட் பண்றது, மொதல்ல அணையத் தாண்டிடுவேன், பூட்டியிருந்தா கால் புதுசா இருக்கும்போதே தெரிஞ்சுடும், சாயங்காலம் எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னும் அங்கயே கேட்டு வச்சுக்கலாம்.

தம்பிகிட்ட இருக்குறது 34க்கு 28, ரிம் பிரேக்கு, குட்டைக் கேஜு. அவனுக்கு நான் சொன்னது: காசெட் மாத்துறதுன்னா டிரெய்லியரும் மாத்தணும், அது மெதுவா பாத்துக்கலாம், இப்போதைக்கு பிரேக் பேடு மட்டும் புதுசு போடு, நேர்ப்பக்கமா போ, முடியாத எடத்துல தள்ளு. முனகிக்கிட்டேதான் கேட்டுக்கிட்டான், அவனுக்கு அந்த 70 கிமீ வேக இறக்கத்துமேல ஒரு கண்ணு இருந்துச்சு. போன வாரம் போயிட்டு வந்துட்டான். செங்குத்துல ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளினானாம், பதினொண்ணாவது மேட்டுலதான் நான் சொன்னது ஞாபகம் வந்து உக்காந்து ஏற ஆரம்பிச்சானாம். கேட்டு தொறந்திருந்துச்சான்னு கேட்டேன். தொறந்திருந்துச்சாம், அஞ்சு மணிக்கு மூடுவாங்களாம்.